நிலம், நீர், வித்து: குழந்தை இயல்பு குறித்த அறநூற் சிந்தனையும் இன்றைய மரபணு ஆய்வும்

குழந்தையின் மனநலமும் நடத்தையும் பிறப்பால் அமைவனவா, வளர்ப்பால் அமைவனவா என்னும் வினா கடந்த அரை நூற்றாண்டுக்கு மேலாக உளவியலிலும் மரபணுவியலிலும் விரிவாக ஆராயப்பட்டு வருகிறது. இவ்வாய்வுகளின் முடிவுகள் நாளிதழ்கள் வழியே தமிழுலகை எட்டும்போதெல்லாம் அவற்றை அறநூல்களோடு பொருத்திக் காட்டும் கட்டுரைகளும் உடன் தோன்றுகின்றன. அக்கட்டுரைகளின் முறை பெரும்பாலும் ஒன்றே. திருக்குறளின் குடிமை அதிகாரத்திலிருந்து ஒரு குறள் 'மரபணு' என்னும் தலைப்பின்கீழ் வைக்கப்படும். சிற்றினம் சேராமை அதிகாரத்திலிருந்து மற்றொரு குறள் 'சூழல்' என்னும் தலைப்பின்கீழ் வைக்கப்படும். இருபதாம் நூற்றாண்டு கண்டதை வள்ளுவர் முன்னரே கண்டார் என்று கட்டுரை முடிந்துவிடும்.

இம்முறையால் விளையும் தீங்குகள் இரண்டு. அறநூல்கள் தமக்குள் நிகழ்த்திய கூர்மையான கருத்துமோதல் மறைந்து, அவை யாவும் ஒரே குரலில் பேசுவனபோல் ஆகிவிடுகின்றன. இதனினும் பெரிது அடுத்த தீங்கு. குடிமை என்பதை மரபணு எனப் பெயர்த்த அளவிலேயே, பிறந்த குலம் குணத்தை உறுதி செய்யும் என்னும் பழங்கருத்துக்கு அறிவியலின் முத்திரை கிடைத்துவிடுகிறது. பல குடிகளிலிருந்து வந்த குழந்தைகளின்முன் இவ்வதிகாரத்தைப் பாடம் சொல்ல வேண்டிய ஆசிரியர்க்கு இது வெறும் ஏட்டுச் சிக்கல் அன்று.

சொற்களில் தொடங்கும் மயக்கம்

மயக்கம் கலைச்சொற்களிலேயே தொடங்குகிறது. உயிரணுவின் வழியே பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்குவதை 'மரபணு' என்றும், அதனை ஆராயும் துறையை 'மரபியல்' என்றும் இன்று வழங்குகிறோம். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலுக்கும் மரபியல் என்றே பெயர். அங்கு மரபு என்பது குருதிவழி வருவது அன்று, சொல்வழக்கு. யானையின் இளமையைக் கன்று என்பதும் புலியின் இளமையைக் குருளை என்பதும் மரபு. அவற்றை எவரும் பிறக்கும்போதே கொண்டு வருவதில்லை. கேட்டும் பழகியும் கற்கின்றனர். கற்றலால் மட்டுமே தொடரும் ஒன்றைக் குறித்த சொல், கற்றலின்றியே தொடரும் ஒன்றுக்குப் பெயராயிற்று. கலைச்சொல்லாக்கத்தில் இத்தகைய பொருள்மாற்றம் இயல்பே. ஆயினும் பழைய நூலில் 'மரபு' வருமிடமெல்லாம் உயிரியற் பொருளைத் தேடுவோர் இவ்வேறுபாட்டைக் கருத்திற் கொள்வதில்லை.

'மனநலம்' என்னும் சொல்லின் நிலை இன்னும் நுட்பமானது. திருக்குறள் 457, 458, 459 ஆகிய மூன்று குறள்களிலும் இச்சொல் வருகிறது. அங்கு அதன் பொருள் மனத்தின் நன்மை, அதாவது நல்ல மனம் உடைமை. அது ஓர் அறப்பண்பு. இன்றைய மருத்துவத் தமிழில் அதே சொல் நோயின்மையைக் குறிக்கிறது. மனச்சோர்வுற்ற குழந்தையும், ஓரிடத்தில் நிலைகொள்ள இயலாத குழந்தையும் இன்று மனநலம் குன்றியோர் எனப்படுகின்றனர். இக்குழந்தைகளைப் பற்றிப் பேசுமிடத்தில் இக்குறள்களை மேற்கோளாக்கும்போது நோய் குற்றமாக உருமாறுகிறது. நல்ல மனம் இல்லாதவன் என்பதற்கும் நலிவுற்ற மனம் உடையவன் என்பதற்கும் உள்ள இடைவெளியை ஒரு சொல்லின் ஒப்புமை விழுங்கிவிடுகிறது.

சிற்றினம் சேராமை பொருட்பாலின் அரசியலில் அமைந்த அதிகாரம் என்பதையும் மறத்தலாகாது. அது ஆள்வோனுக்கு யாரைச் சுற்றமாகக் கொள்ளவேண்டும் என அறிவுறுத்துவது. குழந்தை வளர்ப்பு அங்குப் பேசப்படவில்லை. அதிலுள்ள கருத்தைக் குழந்தைக்கு நீட்டிக்க இடமுண்டு. ஆயின் நீட்டித்தவர் வள்ளுவர் அல்லர், நாமே என்பதைச் சொல்லிவிட்டு நீட்டிக்க வேண்டும்.

உவமங்களின் மோதல்

மனிதன் எதனால் அமைகிறான் என்பதை விளக்க நிலத்தையும் நீரையும் வித்தையும் அறநூல்கள் உவமமாக்குகின்றன. இவ்வுவமங்களைத் தனித்தனியே எடுத்தால் பொன்மொழிகளாகத் தோன்றும். அடுத்தடுத்து வைத்தால் ஒன்றையொன்று மறுக்கின்றன.

குறள் 452 நிலத்தின் இயல்பால் நீர் மாறுபடுவதைக் கூறி, அதுபோல மாந்தரின் அறிவும் அவர் சேர்ந்த இனத்தின் இயல்பை அடையும் என்கிறது. இங்கு நிலம் சூழல்; நீர் மனிதன். பரிமேலழகர் ஒரு நுட்பத்தைச் சேர்க்கிறார். விசும்பில் இருக்கும்வரை நீர் தன் தன்மையோடு இருக்கிறது. நிலத்தைச் சேர்ந்தபின் நிறமும் சுவையும் திரிகின்றன என்பது அவர் விளக்கம். சூழலுக்கு முந்திய தன்மை ஒன்று உண்டு என்பதை அவர் விட்டுவிட விரும்பவில்லை. ஆனால் அடுத்துவரும் குறள்கள் அத்தன்மைக்கு அதிக இடம் தரவில்லை. அறிவு ஒருவனது மனத்தில் இருப்பதுபோலத் தோன்றினும் உண்மையில் அவன் இனத்தில் இருப்பதே என்கிறது 454. மனத்தூய்மையும் வினைத்தூய்மையும் இனத்தூய்மையைப் பற்றியே வரும் என்கிறது 455. சூழலின் வலிமையை இதனினும் அழுத்தமாகச் சொல்லிய பழந்தமிழ்ப் பகுதி வேறு ஒன்றைக் காண்பது அரிது.

குறள் 959இல் மீண்டும் நிலம் வருகிறது. நிலத்தின் தன்மையை அதில் முளைத்த முளை காட்டும். அதுபோலக் குலத்தில் பிறந்தாரது தன்மையை அவர் வாய்ச்சொல் காட்டும். 452இல் சேர்ந்தாரைக் குறித்த நிலம் இங்குக் குடியைக் குறிக்கிறது. ஒரே உவமம் ஒரே நூலில் முன்பு சேர்க்கைக்கும் பின்பு பிறப்புக்கும் நின்றது. இதனை முரண் எனக் கொள்வதா, நிலம் என்பதில் இரண்டையும் அடக்கிய ஒரு கருத்து எனக் கொள்வதா என்பதே ஆராயத்தக்கது.

பரிமேலழகர் குடிமையை உயர்ந்த குடியிற் பிறந்தாரது தன்மை என்று விளக்கி, அது நால்வகை வருணத்தார்க்கும் இன்றியமையாதது என்று அதிகார வைப்பைப் பொருத்துகிறார். மூலத்தில் வருணம் இல்லை. மூலத்தில் உள்ள சான்றோ இன்னும் கருதத்தக்கது. குலத்தைக் காட்டுவதாக வள்ளுவர் தேர்ந்தது நிறத்தையோ உருவத்தையோ உடல் வலிமையையோ அன்று, வாய்ச்சொல்லை. சொல் முழுக்க முழுக்க வீட்டில் கேட்டுப் பழகுவது. இனிய சொல் வழங்கும் வீட்டில் வளர்ந்த குழந்தை இனிய சொல் வழங்குகிறது. வசைமொழி வழங்கும் வீட்டில் வளர்ந்தது அதனையே வழங்குகிறது. பிறப்பைக் காட்டும் சான்றாக வளர்ப்பால் வந்ததை வைத்திருக்கும் குறளை, மரபணுக் கொள்கைக்குச் சான்றாகக் காட்டுவது பொருந்துமாறு இல்லை. குடிமை அதிகாரம் முழுவதையும் இவ்வாறு காத்துவிடலாம் என்பதில்லை. செப்பமும் நாணும் இற்பிறந்தாரிடத்தன்றி இயல்பாக அமையா என்னும் 951ஆம் குறள் பிறப்பின் சார்பிலேயே நிற்கிறது. அதனை மழுப்பாமல் ஏற்று, பிறப்பொப்பு கூறும் 972ஆம் குறளோடும், மேற்பிறந்த கல்லாரினும் கீழ்ப்பிறந்த கற்றார் பெருமையுடையர் என்னும் 409ஆம் குறளோடும் மோதவிடுவதே நேர்மையான வாசிப்பு.

நாலடியாரில் நிலை தலைகீழாகிறது. அதன் அறிவுடைமை அதிகாரத்தில் மூன்று வெண்பாக்கள் தொடர்ச்சியாக இப்பொருளைக் கூறுகின்றன. எந்த நிலத்தில் இட்டாலும் காஞ்சிரை விதை தென்னை ஆகாது என்கிறது ஒன்று. வேப்பிலையுள் வைத்துப் பழுக்கச் செய்தாலும் வாழைக்கனி தன் இனிமையை இழக்காது. அதுபோல இனம் தீதாயினும் இயல்புடையார் மனம் தீதாதல் அரிது என்கிறது அடுத்தது. மூன்றாவது வெண்பா நீரையே எடுக்கிறது. கடலருகில் இன்னீர் ஊறுகிறது, மலையருகில் உவர்நீர் ஊறுகிறது. ஆகவே மக்கள் தத்தம் இனத்தைப் போன்றவர் அல்லர், மனத்தைப் போன்றவர் என்பது அதன் முடிபு. குறள் நிலத்தால் நீர் திரியும் என்றது; நாலடியார் திரியாத நீரைத் தேடிக் கொண்டுவந்து காட்டுகிறது. 'இனம்', 'மனம்' என்னும் அதே இணைச்சொற்களைக் கொண்டு எதிர்முடிபு கூறப்படுகிறது. நாலடியார் குறளுக்குப் பிற்பட்டது என்னும் பெரும்பான்மைக் கொள்கையை ஏற்பின், இது தற்செயல் ஒப்புமையாகத் தோன்றவில்லை, மறுமொழியாகவே தோன்றுகிறது. அதே நாலடியார் நல்லினம் சேர்தல் அதிகாரத்தில், ஊரின் சாக்கடைநீர் ஆற்றைச் சேர்ந்தால் பெயரே மாறித் தீர்த்தமாகும் என்று குறளின் பக்கம் நிற்பதும் உண்டு. தொகைநூல் ஆதலின் இது வியப்பன்று.

காஞ்சிரை வெண்பாவை மரபணுவுக்குச் சான்றாகக் காட்டுவோர் அதன் முற்பாதியோடு நின்றுவிடுகின்றனர். பிற்பாதி, தென்னாட்டவரும் சுவர்க்கம் புகுவர் என்றும், வடதிசையிலும் வீணே வாழ்ந்தோர் மிகப் பலர் என்றும், மறுமை அவரவர் ஒழுகும் நெறியாலேயே அமையும் என்றும் கூறுகிறது. அங்கு வித்து குலத்தைக் குறிக்கவில்லை. பிறந்த திசையின் பெருமையை மறுக்க வந்த உவமம் அது. பிறப்புப் பெருமையைத் தகர்க்க எழுந்த பாட்டைப் பிறப்புப் பெருமைக்கே சான்றாக்குவது தமிழாய்வில் நிகழ்ந்துள்ள விந்தைகளுள் ஒன்று.

ஆய்வுகள் கூறுவன

இன்றைய ஆய்வுகளிலிருந்து கட்டுரையாளர்கள் பெரிதும் எடுத்தாள்வது 'மரபுவழிப் பங்கு விழுக்காடு'. இரட்டையர் குறித்த ஐம்பதாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, ஏறத்தாழ 1 கோடியே 45 இலட்சம் இரட்டையர் இணைகளின் தரவுகளைக் கொண்டது. எல்லாப் பண்புகளுக்கும் சேர்த்து அது கண்ட சராசரி 49 விழுக்காடு. ஆட்டிசத்துக்கும், கவனக்குறைவும் மிகையியக்கமும் கொண்ட கோளாறுக்கும் இவ்வளவு இதனினும் மிகுதி. இவ்வெண்ணை ஒரு குழந்தையின் குணத்தில் பாதி பெற்றோர் தந்தது, பாதி சூழல் தந்தது என்று படிப்பது பிழை. ஒரு மக்கள்தொகையில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் எவ்வளவு மரபணு வேறுபாட்டோடு தொடர்புடையது என்பதே அதன் பொருள். தனி ஒரு குழந்தையைப் பற்றி அது எதுவும் கூறாது. சூழல் மாறினால் அவ்வெண்ணும் மாறும்.

இதனை விளக்க உயிரியலறிஞர் ரிச்சர்ட் லெவோன்டின் 1970இல் கையாண்ட உவமமும் நிலமும் வித்துமே. கலப்பு விதைகளில் ஒரு பிடியை வளமான மண்ணிலும் மறுபிடியை வளமற்ற மண்ணிலும் விதைத்தால், ஒவ்வொரு பாத்தியிலும் செடிக்குச் செடி காணப்படும் வேறுபாடு விதையால் வந்தது. இரு பாத்திகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு முழுவதும் மண்ணால் வந்தது. இன அடிப்படையில் அறிவுத்திறனை வேறுபடுத்திய அமெரிக்க உளவியலார் ஆர்தர் ஜென்சனுக்கு மறுப்பாக எழுதப்பட்டது இது. ஒரு குழுவினுள் மரபணுவின் பங்கு எத்துணை உயர்ந்ததாயினும் குழுக்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டை அது விளக்காது. குடிமை அதிகாரத்தை மரபணுவோடு இணைக்கும் எவரும் கடந்து செல்ல முடியாத தடை இது.

மண்ணின் வலிமைக்குச் சான்று ருமேனியாவிலிருந்து வருகிறது. 1989இல் சௌசெஸ்கு ஆட்சி வீழ்ந்தபோது அந்நாட்டு அரசு விடுதிகளில் இலட்சத்திற்கும் மேற்பட்ட குழந்தைகள் பேணுவாரின்றி இருந்தனர். அத்தகைய விடுதிகளில் இருந்த 136 குழந்தைகளைக் கொண்டு 2000ஆம் ஆண்டளவில் புக்கரெஸ்டில் ஓர் ஆய்வு தொடங்கியது. குலுக்கல் முறையில் ஒரு பாதியினர் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டனர். மறுபாதியினர்க்கு முன்னைய நிலை தொடர்ந்தது. நான்கரை வயதளவில், குடும்பங்களில் வளர்ந்தோரிடம் அச்சமும் மனச்சோர்வும் சார்ந்த கோளாறுகள் குறைந்திருந்தன. கவனக்குறைவு சார்ந்த கோளாறுகள் அவ்வாறு குறையவில்லை. குறையாதவை வித்தால் வந்தவை என முடிவு செய்ய இங்கு இடமில்லை. தொடக்ககால வறுமையே அவற்றையும் விளைத்து, பின்னர் மாற்ற இயலாத தடமாக நிலைத்திருக்கலாம். மாறாதது எல்லாம் பிறவிக்குணம் என்னும் நம் வழக்கமான எண்ணத்தை இவ்வாய்வு அசைக்கிறது.

வித்தும் மண்ணும் கூடிச் செயற்படுவதற்குப் பின்லாந்தின் தத்துப்பிள்ளை ஆய்வு எடுத்துக்காட்டு. மனச்சிதைவு நோயுற்ற தாய்மார்க்குப் பிறந்து பிற குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டோரை ஆராய்ந்து 2004இல் வெளியான முடிவின்படி, மரபுவழி இடர் உடையோரிடம் சீர்குலைந்த வளர்ப்புக் குடும்பச் சூழல் நோயை மிகுவித்தது. நல்ல குடும்பச் சூழலில் வளர்ந்தோர் பெரிதும் காக்கப்பட்டனர். மனநலம் நன்கு உடையராயினும் சான்றோர்க்கு இனநலமே காப்பு எனக் குறள் 458 கூறுமிடத்து ஆளும் 'ஏமாப்பு' என்னும் சொல் இவ்விடத்தில் நினைவுக்கு வரும். ஒப்புமை இருப்பது வினாவின் வடிவில், விடையில் அன்று. வள்ளுவர் சான்றோரைப் பற்றிக் கூறினார். பின்லாந்து ஆய்வு நோய்க்கு ஆட்படக்கூடியோரைப் பற்றிக் கூறுகிறது.

தனி ஒரு மரபணுவைக் குணத்தின் காரணமாகக் காட்டிய ஆய்வுகளின் வரலாறு சுருக்கமானது. நியூசிலாந்தின் டுனெடின் நகரக் குழந்தைகளைப் பிறப்பு முதல் பின்தொடர்ந்த ஆய்வு, 2003இல், செரட்டோனின் தொடர்பான ஒரு மரபணுவின் குறுவடிவம் உடையோர் துன்பச் சூழலில் மனச்சோர்வுக்கு எளிதில் ஆட்படுவர் என்றது. உலகெங்கும் அது மேற்கோளாயிற்று. 2009இல் வெளியான தொகுப்பாய்வு அத்தொடர்பைக் காணவில்லை. 2019இல் மிகப் பெரிய தரவுகளைக் கொண்டு செய்த ஆய்வும் அவ்வகை மரபணுக் கருதுகோள்களுக்கு ஆதரவில்லை என்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் அம்முடிவைப் பழம்பாட்டின் உரையாக எழுதியிருந்தால், அவ்வுரையின் கதி என்ன?

959ஆம் குறளின் நிலத்துக்கு மிக அருகில் வருவது 2018இல் ஐஸ்லாந்தில் செய்யப்பட்ட ஆய்வு. பெற்றோரிடம் இருந்தும் பிள்ளைக்கு இறங்காத மரபணு வடிவங்கள்கூட அப்பிள்ளையின் கல்வி நிலையோடு தொடர்புடையனவாக இருந்தன. இறங்காத ஒன்று பிள்ளையைப் பாதிக்க வேண்டுமாயின் அது பெற்றோர் அமைத்த வீட்டின் வழியாகவே இயலும். இம்முடிவு கல்வி பற்றியது. மனநோய் பற்றியது அன்று. ஆயினும் அடிப்படை தெளிவு. வித்தைத் தருபவரே மண்ணையும் தருகிறார். எனவே தந்தையின் சினமும் மகனின் சினமும் ஒத்திருப்பதைக் கண்டு, அது குருதியில் வந்தது என்றோ பழக்கத்தில் வந்தது என்றோ புறத்திலிருந்து பார்ப்பவர் கூற முடியாது. குடி என்னும் சொல்லில் வித்தும் மண்ணும் பிரிக்கப்படாமல் கிடப்பதைக் குறளின் குறையாகக் கருத வேண்டியதில்லை.

தாயின் மனம்

பிறப்பையும் சூழலையும் கடந்த ஒரு கூறு புறநானூற்றில் உண்டு. ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடிய 183ஆம் பாட்டு கல்வியின் சிறப்பைக் கூறுவதாகவே பாடநூல்களில் இடம்பெறுகிறது. ஒரே வயிற்றிற் பிறந்த மக்களிடையேயும் சிறப்புடையவன்பால் தாயின் மனம் திரியும் என்னும் அதன் பகுதி போதிய கவனம் பெறவில்லை. ஒரே குடி, ஒரே வீடு, ஒரே தாய்; எனினும் பிள்ளைகள் வேறு. அவ்வேறுபாடு தாயையே வேறாக்குகிறது. குழந்தை தன் சூழலால் ஆக்கப்படுவதோடு தன் சூழலை ஆக்கவும் செய்கிறது. ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் ஏன் இத்துணை வேறுபடுகின்றனர் என்று பிளோமினும் டேனியல்சும் 1987இல் எழுப்பிய வினா உளவியலின் போக்கையே மாற்றியது. பகிரப்படாத சூழல் என அவர்கள் அழைத்ததன் ஒரு கூறு இத் 'திரிதல்'. அரசன் இதனை இயல்பு எனக் கூறி நகர்கிறான். சிறப்பில்லாத பிள்ளை அவ்வீட்டில் எப்படி வளர்ந்தது என்பதைப் பாட்டு கேட்கவில்லை.

தாயின் மீது பழி சுமத்துவது இலக்கிய வாசிப்புக்கு மட்டும் உரிய நோய் அன்று. லியோ கானர் 1943இல் ஆட்டிசத்தை விவரித்த பின், அது தாயின் அன்பின்மையால் வருவது என்னும் கருத்து மருத்துவ உலகிலேயே வேரூன்றியது. புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூலால் அது பொதுமக்களிடமும் பரவியது. 1977இல் ஃபோல்ஸ்டைனும் ரட்டரும் வெளியிட்ட இரட்டையர் ஆய்வு மரபணுவின் பங்கைக் காட்டியபோது, எண்ணற்ற தாய்மார் செய்யாத குற்றத்திலிருந்து விடுபட்டனர். மரபணு விளக்கம் எப்போதும் ஒடுக்குவது, சூழல் விளக்கம் எப்போதும் விடுவிப்பது என்னும் எளிய பாகுபாடு இங்கு உடைகிறது. நூலையும் சேலையையும் உவமமாக்கித் தாயைப் போலப் பிள்ளை என்னும் நம் பழமொழி இரண்டு வழியிலும் தாயையே சுட்டுவது. நூல் அவள் தந்தது, நெய்தவளும் அவளே.

பொன்முடியாரின் 312ஆம் புறப்பாட்டு பொறுப்பைப் பகுத்துக் கொடுக்கிறது. தாய், தந்தை, கொல்லன், வேந்தன் என ஒவ்வொருவர்க்கும் ஒரு கடன். தாயின் கடனாகக் கூறப்படுவது ஈனுதல் மட்டும் அன்று. 'புறந்தருதல்', அதாவது பேணி வளர்த்தல், உடன் நிற்கிறது. இதனை விட்டுத் தாய்க்கு ஈனுதலும் தந்தைக்கு ஆக்குதலும் எனச் சுருக்கிக் கூறும் வழக்கம் பாட்டின் சொல்லுக்கே மாறானது. வேந்தனின் கடனில் பாடவேறுபாடு உண்டு. 'நன்னடை' என்பது ஒரு பாடம். 'தண்ணடை' என்பது மற்றொன்று. முன்னதைக் கொண்டால் நல்லொழுக்கத்தைத் தருவது அரசின் கடன்; பின்னதைக் கொண்டால் விளைநிலம் தருவது அதன் கடன். போர்க்குச் செல்லும் மறக்குடி இளைஞனைப் பற்றிய பாட்டில், வேலைத் தரும் கொல்லனுக்கு அடுத்து வேந்தன் வைக்கப்பட்டிருப்பதை நோக்க, கையாற் கொடுக்கக்கூடிய பொருளாகிய தண்ணடையே வைப்புமுறைக்கு இயைவதாகப் படுகிறது. நன்னடை என்னும் பாடம் பள்ளிப் பாடநூல்களில் பரவலாகிவிட்டது. பாட்டின் இறுதியில் களிறெறிந்து மீளும் காளைக்கு உரிய கடனோடு அது எவ்வாறு பொருந்துகிறது என்பதை அவ்வாசிப்பை மேற்கொள்வோர் விளக்க வேண்டும்.